லாலாங் தர்ப்பையல்ல என்று ஒரு வரி

ஆறாங்கட்டைத் தோட்டம்,
லாபிஸ், ஜொகூர்.
பிரஜோற்பத்தி வருஷம், ஆவணி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி சபாபதி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடத்தில் நானும் என் சம்சாரம் ராஜம்மாவும் உயிரோடிருக்கிறோம். க்ஷேமம் என்று எழுதப் பேனா வரவில்லை. தங்கள் குசலத்தை விசாரித்துவிட்டு மேலே போவதுதான் முறை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தோண்டப் போய்த்தான் நான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன் என்பதால், தாங்கள் நன்றாகவே இருப்பீர்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என்னைத் தங்களுக்கு நினைவிருக்காது. சென்ற ஆனி மாதத்து இதழொன்றில், நாலாம் பக்கத்தில், தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே, 'குசை என்னும் பெயர்' என்று ஒரு வியாசம் போட்டீர்களே, 'குசாக்கிரன்' என்ற புனைபெயரில், அந்தப் பாவி நான்தான். அதில் நான் சொன்னது இவ்வளவே. தர்ப்பைப் புல்லுக்குக் குசை என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதன் விளிம்பு கத்திபோல் அறுக்குமாதலால், கை அறுபடாமல் அதைப் பறிக்கத் தெரிந்தவனை முற்காலத்தில் குசலன் என்றார்கள், அதாவது கெட்டிக்காரன். கெட்டிக்காரன் சௌக்கியமாகத்தானே இருப்பான்? அதனால் சௌக்கியத்துக்கே குசலம் என்று பெயராகி, நாமும் கடிதத்துக்குக் கடிதம் ஒருவரையொருவர் குசலமா என்று கேட்டுக்கொள்கிறோம். அந்தப் புல்லின் நுனி ஊசிபோல் இருப்பதால் கூரிய புத்திக்குக் குசாக்கிர புத்தி என்று பெயர். இந்த மட்டோடு நிறுத்தியிருந்தால் நானும் குசலமாக இருந்திருப்பேன். விதி யாரை விட்டது, கடைசியில் ஒரு பாரா சேர்த்தேன். கருடன் கொண்டுவந்த அமிர்த கலசம் இந்தப் புல்லின்மேல்தான் வைக்கப்பட்டது, சிந்திய அமிர்தத்தை நக்கப்போன பாம்புகளுக்கு நாக்குப் பிளந்தது, அமிர்தம் பட்ட புல்லுக்குச் சாவு கிடையாது. கையை அறுப்பது, காலைக் குத்துவது, எத்தனை வெட்டினாலும் சாகாதது என்ற மூன்று லட்சணமும், நம் மலாயாத் தோட்டங்களில் லாலாங் என்ற பெயரில் களையாக வெட்டி எறியப்படும் புல்லுக்கு இருப்பதால், அது சாட்சாத் தர்ப்பையே என்று எழுதிப் புனைபெயரையும் போட்டேன். தர்ப்பையை நான் கண்ணால் பார்த்தது சிறு வயதில், என் தகப்பனார் விரலில் காய்ந்த மோதிரமாகத்தான். சாம்பாரைப் பார்த்து முருங்கை மரத்தை நிதானிக்கிற வேலை அது என்பது இப்போது விளங்குகிறது.

அச்சில் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தோட்டத்தில் சொல்லைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கொட்டகையில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துச் சனங்களைக் கூட்டிவைத்து, வியாசத்தை ராகத்தோடு வாசித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்காவது ஒரு சங்கோடு போயிற்று. குசலன், குசாக்கிரம் என்ற நயமான இடங்களில் ஒருவரும் முகத்தைக்கூட அசைக்கவில்லை. கடைசிப் பாரா வந்ததும் சின்னத்தம்பிக் கங்காணி எழுந்து நின்று, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இருபது வருஷமா வெட்டுறோம், கொளுத்துறோம், சாகலியே. இப்பத்தான் விளங்குது" என்றார். நான் அதை ரசிகரின் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ராஜம்மாவிடம் இரண்டு தரம் சொன்னேன். அவள் சாதம் வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு, நாளைக்குப் பெரட்டில் தெரியும் என்றாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்துக் களைவெட்டுக்குப் பெண்டுகளை அனுப்பினோம். வெகுநேரம் கழித்து நான் போய்ப் பார்த்தால், ஒரு வேரும் பெயரவில்லை. மண்வெட்டிகளை வரிசையாகத் தரையில் கிடத்திவிட்டு, லாலாங்கைச் சுற்றி வந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் வெட்டின பாவத்துக்கு மன்னிப்பாம். சரி, ஒரு நாள் கூத்து என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை சின்னத்தம்பிக் கங்காணிக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. தர்ப்பையை அமாவாசையன்றுதான் அறுக்க வேண்டும், மற்ற நாளில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் ஊரில் ஐயர் சொல்வாராம். ஆக, இனி எங்கள் தோட்டத்தில் களைவெட்டு மாதத்துக்கு ஒரு நாள். தாங்கள் சிங்கப்பூரில் இருப்பதால் லாலாங்கின் குணம் தங்களுக்குத் தெரியாது. அமாவாசைவரை காத்திருக்கிற புல் அல்ல அது. ஒரு மழைக்கு முழங்கால், இரண்டு மழைக்கு இடுப்பு. இளரப்பர் நட்ட காட்டில் ரப்பரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

தோட்டத்து வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் மரியநாதன் என்னை வழியில் நிறுத்தி, கையறுக்கும், காலைக் குத்தும், என்ன செய்தாலும் சாகாது என்றால் நம் துரையும் தர்ப்பைதானா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நல்ல மனிதர், இந்தச் சனியனை நான் தீர்த்துவைக்கிறேன் என்று சொல்லி, சிலுவை நட்ட குருசடிப் பக்கத்து லயத்தில் இருக்கும் தம் கிறிஸ்துவ வேதக்காரர்கள் எட்டுக் குடும்பத்தைக் களைவெட்டுக்கு இறக்கினார். அவர்களும் இரண்டு நாள் வெட்டினார்கள். மூன்றாம் நாள், களையை விதைத்தவன் சத்துரு என்று எடுத்துச்சொல்லி உற்சாகப்படுத்தலாமென்று, மரியநாதனே பாதிரிச் சாமியார் பிரசங்கத்தில் கேட்ட பைபிள் கதையைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். கதையின் நடுவில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, அதில் எஜமான் களையைப் பிடுங்க வேண்டாம், அறுப்புவரை பயிரோடு சேர்ந்து வளரட்டும் என்றல்லவா சொல்கிறார்! வேலையாட்கள் கதையைக் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டு மதமும் ஒற்றுமையாக நின்ற காரியம் எங்கள் தோட்டத்தில் இது ஒன்றுதான்.

துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். எங்கள் துரை கங்காணியிடம் தமிழ் கற்றவர், மரியாதை விகுதி அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான் கருடனில் தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினேன். பைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "லாலாங் சாமி. சரி. அப்போ ரப்பர் யாரு?" என்றார். ரப்பர் விலை கிடக்கிற கிடையில், பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. தாங்களே வாராவாரம் போடுகிறீர்கள். அந்த நேரத்தில் நான் புல்லுக்குப் பட்டாபிஷேகம் செய்து வைத்திருக்கிறேன்.

இதற்குள் ஆடி அமாவாசை வந்தது. தர்ப்பை அறுக்கிற நாளாயிற்றே, அன்றைக்காவது களை குறையும் என்று நானும் துரையும் நம்பிக்கொண்டிருந்தோம். விடிந்ததும் லயம் முழுக்க ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. ஆளுக்கு ஒரு பிடி லாலாங், ஒரு பிடி எள். கப்பலேறி வந்த நாள்முதல், இங்கே தர்ப்பை கிடையாது என்று, செத்துப்போன தாய் தகப்பனுக்குத் தண்ணீர் விடாமலே இருந்தவர்களாம். இப்போதுதான் கால் வைத்த இடமெல்லாம் தர்ப்பை இருக்கிறதே! கண்டுபிடித்தவர் கிராணி ஐயா, அவரே நடத்தித் தரட்டும் என்று என்னை வந்து பிடித்தார்கள். சிகாமட்டிலிருந்து கருமாதிகளுக்கு வரும் பண்டாரம் இதற்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நான் குசலன் எப்படிப் பறிப்பான் என்று காட்டுவதற்காக ஒரு பிடி லாலாங்கைப் பற்றி இழுத்தேன். உள்ளங்கை சுண்டுவிரலிலிருந்து பெருவிரல்வரை பிளந்துகொண்டது. அந்தக் காயம் சீழ் வைத்து, இன்றைக்கும் கட்டுப்போட்ட கையால்தான் இதை எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ரத்தம் சொட்டச் சொட்டத் தண்ணீரில் நின்றால், எனக்கோ ஒரு மந்திரம் தெரியாது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு மனப்பாடமாக வந்த சமஸ்கிருதம் அறுபது வருஷத்துப் பெயர்தான். பிரபவ, விபவ, சுக்ல என்று நான் தொடங்க, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒவ்வொருவர் பேர் சொல்லித் தண்ணீர் விட்டார்கள். அறுபதும் முடிந்தது, செத்தவர்கள் முடியவில்லை, மறுபடி பிரபவவில் தொடங்கினேன்.

அந்தக் கூட்டத்தில் காளியப்பனும் அவன் பெண்சாதி கருப்பாயியும் நின்றார்கள். இருவரும் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள். அவர்கள் பிள்ளை வீரமுத்து போன வருஷம் காட்டுக் காய்ச்சலில் போய்விட்டான், கலியாணம் பேசியிருந்த பையன். கருமாதிக்கு வந்த அதே பண்டாரம், தர்ப்பை இல்லாமல் கொடுத்தால் பிள்ளைக்குப் போய்ச் சேராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்று முதல் காரியம் அப்படியே நின்றது. பிள்ளையின் பேரை இருவரும் வாயால் சொல்வதில்லை. காளியப்பன், நான் அந்தப் பேரைக் கேட்டால், கணக்குப் புத்தகத்தைக் கை காட்டுவானே தவிரச் சொல்லமாட்டான். ஆற்றில் அன்றைக்கு, அது அட்சய வருஷமோ துன்மதியோ, அவன் முறை வந்தபோது 'வீரமுத்து' என்று சத்தமாகச் சொன்னான். கருப்பாயி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி விட்டாள். அரை நாள் வேலை போயிற்று என்று நான் தண்ணீரில் நின்றபடியே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டதா? மீந்த லாலாங்கில் வேரோடு ஒரு கொத்தைக் கருப்பாயி கொண்டுபோய், தோட்டத்து ரோட்டோரம் வீரமுத்துவைப் புதைத்த இடத்தில் நட்டுவிட்டாள். உலகத்தில் யாராவது லாலாங்கை நட்டுக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நட்டதோடு நில்லாமல், வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள், ஆடு வாய்வைக்காமல் குச்சி நட்டு வேலியும் போட்டாள். சென்ற வாரம் கம்பெனியின் பெரிய துரை சிங்கப்பூரிலிருந்து மோட்டாரில் சோதனைக்கு வந்தவர், சரியாக அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வந்தார். இடதுபுறம் இளரப்பர் காடு இடுப்பளவு லாலாங்கில் வெள்ளைப் பூப்பூத்து நிற்கிறது. வலதுபுறம் ஒரு கூலிப் பெண்பிள்ளை லாலாங்குக்கு வேலிபோட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பெரிய துரை மோட்டாரை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ஏறிக்கொண்டாராம். பேசாமல் போனதைத்தான் எங்கள் துரையால் தாங்கமுடியவில்லை.

அன்று சாயங்காலமே எனக்குத் தீர்ப்பு வந்தது. லாலாங் சாமி என்று எந்தப் பேப்பரில் வந்ததோ, அதே பேப்பரில் இல்லை என்று வரவேண்டும். அதை நான் பெரட்டில் எல்லாரும் கேட்க வாசிக்க வேண்டும். "பேப்பர் வந்தா நீ இங்கே. வரல்லேன்னா நீ கப்பல்லே" என்றார் துரை. கப்பல் இந்த மாதக் கடைசியில். நான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, முதலில் வாயால் சொல்லிப் பார்க்கிறேன் என்று மறுநாள் பெரட்டில் நின்று, நான் எழுதியது தப்பு, இது வெறும் புல் என்று தொண்டை கிழியச் சொன்னேன். சின்னத்தம்பிக் கங்காணி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, துரை உருட்டி மிரட்டிச் சொல்லச் சொல்லியிருப்பார், பாவம், வாயால் சொன்னது காற்றோடு போகும், அச்சில் வந்ததல்லவா நிற்கும் என்று என்னையே தேற்றினார். கூட்டமும் ஆமாம் என்றது. என் வியாசத்தை எதிர்த்து என்னாலேயே வாதாட முடியவில்லை.

ஐயா, என் நிலைமையைத் தாங்கள் மனதில் வாங்க வேண்டும். பன்னிரண்டு வயதில் இங்கே வந்தவன் நான். ஊரில் இருந்த ஒரு துண்டு நிலமும் போய்விட்டது, வீட்டில் இருக்கும் அண்ணன் என் கடிதத்துக்குப் பதில் போட்டு வெகுகாலமாயிற்று. ராஜம்மா லாபிஸிலேயே பிறந்தவள், கப்பலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு இது ஏழாம் மாதம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்றுதானே வியாசத்தை ஆரம்பித்தீர்கள், உங்களுக்குப் புல்லே எமனாயிற்று என்று ஒரு தரம் சொன்னாள், அதற்கப்புறம் அவளும் சொல்வதில்லை. ஆட்களைத் திருப்பியனுப்பும் அந்தக் கூழ்க்கப்பலில் அவளை ஏற்றிக்கொண்டு நான் எந்த ஊருக்கென்று போவேன்?

ஆகையால் கீழ்க்கண்டதை அடுத்த இதழில், தைல விளம்பரத்துக்குக் கீழே வேண்டாம், மேலேயே, எல்லார் கண்ணிலும் படும்படியாகப் போட்டு உதவவேண்டும்: 'ஆனி மாத இதழொன்றில் குசை என்னும் பெயர் பற்றி எழுதிய குசாக்கிரன் என்பவர் யாதொரு ஆராய்ச்சியும் இல்லாதவர். கருடனுக்கும் லாபிஸுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. லாலாங் தர்ப்பையல்ல. அது களை. அதை எந்த நாளிலும், எந்தக் கிழமையிலும் வெட்டலாம். மேற்படி புல்லைக்கொண்டு செய்த எந்தக் காரியமும் செல்லாது.' கடைசி வரி துரை சொல்லிச் சேர்த்தது. அது இருந்தால்தான் அடியோடு தீரும் என்கிறார்.

தாங்களும் தங்கள் அச்சுக்கூடமும் குறைவில்லாமல் வாழ்ந்து, எழுத்துக்கோப்பவர் கண் கெடாமல், மை வற்றாமல், என்போன்ற வியாசக்காரர்கள் தொல்லையில்லாமல் நெடுநாள் நடக்கவேண்டுமென்று எல்லாம்வல்ல மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். கண்டக்டர் மரியநாதனும் தம் பங்குக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் தாழ்மையுள்ள,
சபாபதி (முன்னாள் குசாக்கிரன்)

பின்குறிப்பு: மேலே கண்டதை உறையில் போட்டு, ரயிலடிக்குப் போகிற தபால்காரனையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தேன். அப்போது கருப்பாயி வந்தாள். மத்தியான வெயிலில் பால்வாளியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். பேப்பருக்கு நான் எழுதுகிற விஷயம் லயத்துக்குத் தெரிந்துபோயிருக்கிறது. கோபமாக வந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் மெதுவாக, சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "அய்யா, அது வெறும் புல்லுன்னு எழுதப் போறீங்களாமே. அப்ப என் புள்ளைக்கு அன்னிக்கு விட்ட தண்ணி யாருக்குங்க போச்சு?"

ஒரு சொல்லுக்கு நாலு பக்கம் எழுதுகிறவன் நான். உறையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளும் பதில் வரும்வரை போகிறவளாக இல்லை. "தர்ப்பைதான் கருப்பாயி. எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு. நீ போய் வேலையைப் பாரு" என்றேன். சரிங்க என்று வாளியை மாற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். கதவுக்குப் பின்னால் ராஜம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். என்னைத் திட்டுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். "பரண்ல இருக்கிற டிரங்குப் பெட்டியை எறக்கி வெயில்ல வைங்க, பூஞ்சை புடிச்சிருக்கும்" என்றாள்.

ஆகையால் மேற்படி மறுப்பைத் தாங்கள் போடவேண்டாம். கடிதத்தையே கிழித்துப் போட்டிருக்கலாம், ஆனால் இவ்வளவு எழுதியதைக் கிழிக்க எழுதுகிறவனுக்கு மனம் வருவதில்லை, அந்த வேலையைத் தாங்களே செய்துவிடவும். வேறு யாராவது படித்தவர், லாலாங் தர்ப்பையல்ல என்று ஆதாரத்தோடு எழுதி அனுப்பினாலும் தயவுசெய்து போடாதீர்கள். என் பெயருக்கு வரும் பத்திரிகையையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடவும். விலாசம் மாறுகிறது. புது விலாசம் எனக்கே இன்னும் தெரியவில்லை.